பட்ஜி: கவர் பாட்டுகளுக்குப் பின்னால் மறைந்துபோன பேண்ட்

யானைமலை:

மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் என்கிற ஹெவி மெட்டல் பேண்டுகளுக்கு இந்த ஃபோரத்தில் இழைக்கு மேல் இழை ஓடுகிறது. அவர்கள் இரண்டு பேரும் யாருடைய பாட்டை எடுத்து வாசித்தார்களோ, அந்த பட்ஜிக்கு ஒன்றுகூட இல்லை. யாரும் தொடங்குகிற மாதிரி தெரியவில்லை, நானே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: வேல்ஸில் கார்டிஃப் ஊர்க்காரர்கள். 1967-இல் சேர்ந்த கூட்டம். பேர்க் ஷெல்லி பேஸ் கிடார் வாசித்தபடியே பாடுவார், டோனி போர்ஜ் கிடார், ரே பிலிப்ஸ் டிரம்ஸ். மூன்றே பேர்தான். முதல் ஆல்பம் 1971-இல் வந்தது. அதைத் தயாரித்த ரோஜர் பெயின்தான் பிளாக் சாபத்தின் முதல் மூன்று ஆல்பங்களையும் தயாரித்தவர். 1971 முதல் 1975 வரை ஐந்து ஆல்பம், ஐந்திலும் சரக்கு இருக்கிறது.

பட்ஜி என்றால் வேறொன்றும் இல்லை, நம் வீட்டு வராந்தாவில் கம்பிக்கூண்டுக்குள் கத்துகிற லவ் பேர்ட்ஸ்தான். முதல் ஆல்பத்தின் அட்டையில் அந்தக் குருவி பட்டாளத்து உடுப்போடு குதிரைமேல் உட்கார்ந்திருக்கும். அடுத்த இரண்டு அட்டைகளும் 'யெஸ்' பேண்டின் அட்டைகளால் பேர் வாங்கிய ரோஜர் டீன் வரைந்தவை. மீனாட்சியே கையில் கிளியோடு நிற்கிற ஊரில் இவர்களுக்கு ஒரு ரசிகர் மன்றம்கூட இல்லை என்பது நமக்குத்தான் அசிங்கம்.

என் கட்சி இதுதான். மெட்டாலிகா இவர்கள் பாட்டைக் கவர் செய்ததால், அதாவது தாங்களும் வாசித்துப் பதிந்ததால்தான் உலகத்துக்கு இவர்கள் பேர் தெரிந்தது. அதே கவரால்தான் இவர்கள் யாரென்று தெரியாமலும் போனது. கேட்பவர்கள் அந்த 'பிரெட்ஃபேன்' பாட்டின் ரிஃபோடு, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் துண்டோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாட்டு இருக்கிற 1973 ஆல்பத்திலேயே இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு ஒரு மெல்லிய அகூஸ்டிக் பாட்டு இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு 'பேரண்ட்ஸ்' இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை.

மாட்டுத்தாவணி மெட்டல்:

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு பட்ஜியைத் தெரிந்ததே மெட்டாலிகாவின் 'கராஜ் இங்க்' வழியாகத்தான். 1998-இல் வந்த அந்த இரட்டை ஆல்பத்தில் 'பிரெட்ஃபேன்', 'கிராஷ் கோர்ஸ் இன் பிரெயின் சர்ஜரி' இரண்டுமே இருக்கின்றன. மெட்டாலிகா எடுக்காமல் விட்டிருந்தால் இந்த இழையே கிடையாது. இதில் மறைத்தது எங்கே வந்தது?

அப்புறம், வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்ல வருவது போலத் தெரிகிறது. 'பிரெட்ஃபேன்' நடுவில் எல்லாம் அடங்கி மெதுவாகப் போகும் இடம் இருக்கிறதே, அதை மெட்டாலிகாவும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரிஜினலைவிட ஒலிப்பதிவும் கனம். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன், கவர்தான் பிடித்தது. அடிக்க வராதீர்கள்.

யானைமலை:

அடிக்கவெல்லாம் வரமாட்டேன் தம்பி, ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி பக்கம்தான் என்றாலும்.

அந்த நடுப்பகுதியை வைத்தே பேசுவோம். மெட்டாலிகாவில் அது அடுத்த பாய்ச்சலுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். அவர்கள் பாடகர் ஹெட்ஃபீல்ட் குரல் அங்கேயும் அதே ஹெட்ஃபீல்ட் குரல்தான். ஷெல்லியின் குரல் ஏற்கெனவே மெலிந்தது, உச்சத்தில் பிசிறடிப்பது. மெதுவான இடம் வந்ததும் வேறு ஒரு ஆள் உள்ளே வந்து பாடுவது போல இருக்கும். ஒரே பாட்டுக்குள் இரண்டு வீடு. பிறகு ரிஃப் திரும்பி வரும்போது அது பழைய ரிஃப்பாகக் காதில் விழாது. ஹெட்ஃபோன் போட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் இன்னொரு தடவை கேள்.

கவர் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பட்ஜியே அதே ஆல்பத்தில் 'பேபி ப்ளீஸ் டோன்ட் கோ'வை எடுத்து வெளுத்திருக்கிறார்கள். அது 1935-இல் பிக் ஜோ வில்லியம்ஸ் பதிவு செய்த பழைய ப்ளூஸ் பாட்டு. எடுத்தவர்களும் அவர்களே, கொடுத்தவர்களும் அவர்களே.

கேசட்காலம்:

அடேயப்பா, இந்தப் பேரை மதுரையில் இன்னொருவர் சொல்லிக் கேட்பேன் என்று நினைக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். டவுன்ஹால் ரோட்டைச் சுற்றிலும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்த காலம். காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் கேசட் தயாராகும். பெரும்பாலும் ராஜா பாட்டுதான். இங்கிலீஷ் பாட்டு என்று கேட்டால் போனி எம், அபா, மைக்கேல் ஜாக்சன், அதோடு சரி. எனக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா மகன். அவன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த கேசட்டை வாங்கிப் போய்க் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்தேன். 'நெவர் டர்ன் யுவர் பேக் ஆன் எ ஃப்ரெண்ட்', 1973 ஆல்பம்.

கடைக்காரர் அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் இதையும், மறுபக்கம் நான் முன்பே கேட்டிருந்த வேறு எதையோவும் போட்டுவிட்டார். ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆல்பமோ நாற்பது நிமிடத்துக்கு மேல். ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று பட்டன் எகிறிவிடும். ஆகவே 'பேரண்ட்ஸ்' என்று கடைசியில் ஒரு பாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. இணையம் வந்த பிறகுதான் முழு ஆல்பத்தையும் கேட்டேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டும் அந்தக் கடைக்காரர்மேல் இன்னும் எனக்கு வருத்தம் உண்டு. கேசட் முதுகில் அவர் எழுதி ஒட்டியிருந்த பேர் 'பஜ்ஜி'. வீட்டில் எல்லாருக்கும் அது பஜ்ஜி கேசட்தான்.

யானைமலை சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், ஒன்றை ஒத்துக்கொள்ளமாட்டேன். மென்மைப் பக்கம் அவர்கள் பலம் என்பது சரி. முதல் ஆல்பத்திலேயே இரண்டு நிமிடம்கூட வராத அகூஸ்டிக் துண்டுகளை நடுநடுவே செருகியிருப்பார்கள். ஆனால் ஐந்து ஆல்பத்திலும் சரக்கு என்பது கொஞ்சம் அதிகம். 1972-இல் வந்த 'ஸ்குவாக்' பாதிதான் தேறும். அட்டையில் பறவை மண்டையோடு பாய்கிற அந்த விமானத்துக்காக வேண்டுமானால் வாங்கி வைக்கலாம்.

தெப்பக்குளம் பேஸ்:

பேஸ் வாசிக்கிறவள் என்ற முறையில் நானும் சொல்லிவிடுகிறேன். இழை முழுக்க கிடார், குரல் என்றே போகிறது.

மூன்று பேர் பேண்டில் கிடார் சோலோவுக்குப் போனதும் அடியில் பள்ளம் விழும். அதை நிரப்பவேண்டியது பேஸ். சிலர் பேஸைக் குறுக்கே ஓடவிட்டு நிரப்புவார்கள். ஷெல்லி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. போர்ஜ் வாசிக்கும் ரிஃபை அப்படியே கீழே இரட்டித்துப் போவார், கிடார் விலகியதும் அதே ரிஃப் அவரிடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று பேர் ஐந்து பேர் மாதிரி ஒலிக்கிறார்கள். அந்தத் தடித்த கண்ணாடியோடு, உச்சக்குரலில் பாடிக்கொண்டு, இதையும் வாசித்திருக்கிறார் மனுஷன். ரஷ் பேண்டின் கெடி லீயை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ஷெல்லி அவருக்கு மூத்த வரிசை. ரஷ்ஷின் முதல் ஆல்பம் வந்தது 1974-இல்தான்.

வாசித்துக்கொண்டே பாடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி. ரிஃபின் அழுத்தமும் வாயில் வரும் சொல்லின் அழுத்தமும் ஒரே இடத்தில் விழாது. விழுந்தால் எளிது, விழாததுதான் சிக்கல். முதலில் ரிஃபை வாசித்துக்கொண்டே வீட்டில் இருப்பவர்களோடு சாதாரணமாகப் பேச வரவேண்டும். "சாம்பார் சுடவைக்கவா?" என்று அம்மா கேட்டால் கை நிற்காமல் பதில் சொல்லவேண்டும். அது வந்த பிறகு ராகத்தை முணுமுணுக்கலாம், அதற்கும் பிறகுதான் சொற்கள். நான் இன்னும் முணுமுணுப்பில்தான் இருக்கிறேன்.

மாட்டுத்தாவணி தம்பிக்கு ஒரு தகவல். 'கிராஷ் கோர்ஸ்' கவர் முதலில் வந்தது மெட்டாலிகாவின் 1987 இ.பி.யில், அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீட்டில். அவர்களுக்கு பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்து வாசித்த முதல் வெளியீடு அது. பேஸ் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது பார். அடுத்த வருடம் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் அதே ஆளின் பேஸைத் தேடிப்பிடிக்கவே முடியாது. பட்ஜி பாட்டில் பேஸை அமுக்கினால் பாட்டே எழுந்து நிற்காது, அதனால் விட்டுவைத்தார்களோ என்னவோ. இது என் ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

மாட்டுத்தாவணி மெட்டல்:

அக்கா, ஜஸ்டிஸ் ஆல்பத்தை இழுத்தால் இழை வேறு பக்கம் போய்விடும், வேண்டாம்.

தவில்வீடு:

டிரம்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தவில். நான் மட்டும் டிரம் கிட் பக்கம் சாய்ந்துவிட்டேன். கோயில் கொடைக்குத் தவில், மற்ற நாளில் இது.

நையாண்டி மேளத்தில் நாயனம் ஒரு பிடியைப் பிடித்ததும் தவில் தாளத்தை எண்ணிக்கொண்டு நிற்காது. நாயனம் எங்கே மடங்குகிறதோ அங்கேயே கூட மடங்கி, அதே பிடியைத் தோலில் சொல்லும். ரே பிலிப்ஸ் முதல் மூன்று ஆல்பங்களில் செய்வது கிட்டத்தட்ட அதுதான். ரிஃப் எங்கே வெட்டுகிறதோ அங்கே அவரும் வெட்டுவார். சுத்தம் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் கொஞ்சம் பின்தங்கி வருவார், சில இடங்களில் ஆர்வத்தில் முன்னால் ஓடிவிடுவார். இன்றைக்கு இருக்கிற மாதிரி கணினியில் கட்டம்போட்டு நேராக்கியிருந்தால் அந்த ஆல்பங்கள் செத்துப்போயிருக்கும்.

1974-இல் 'இன் ஃபார் தி கில்' ஆல்பத்துக்கு பீட் பூட். அடுத்த வருடம் 'பேண்டோலியர்' ஆல்பத்திலிருந்து ஸ்டீவ் வில்லியம்ஸ். இவர்தான் மூவரிலும் கை சுத்தமானவர். 'பேண்டோலியர்' கொஞ்சம் ஆட்டம் போடவைக்கும், ஃபங்க் வாடை அடிக்கும், அதற்கு இவர்தான் காரணம். 'நெப்போலியன் போனா' இரண்டு பகுதியாக வரும் பாட்டு. பையப் பையத் தொடங்கி இரண்டாம் பகுதியில் குதிரை ஓட்டம் எடுக்கும். அந்த ஓட்டத்தைக் கேட்டுவிட்டு மெய்டன் கேளுங்கள், சொந்தம் தெரியும். மெய்டன் சும்மா ஒன்றும் அந்த ஆல்பத்திலிருந்து 'ஐ கான்ட் சீ மை ஃபீலிங்ஸ்' பாட்டை எடுத்து 1992 சிங்கிளின் பின்பக்கத்தில் போடவில்லை.

மூன்று ஆல்பத்துக்கு ஒருவர், அடுத்ததுக்கு இன்னொருவர், அதற்கடுத்ததுக்கு வேறொருவர் என்று டிரம்மர் மாறினால் எந்த பேண்டும் நிலைப்பது கஷ்டம். பேர் எடுக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாட்டுத்தாவணி மெட்டல்:

பேர் எடுக்காததற்கு அவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பேண்டின் பேரே லவ் பேர்ட்ஸ். பாட்டுத் தலைப்புகளைப் பாருங்கள். 'ஹாட் அஸ் எ டாக்கர்ஸ் ஆர்ம்பிட்' என்று ஒன்று, துறைமுகக் கூலியின் அக்குள் சூடு. 'யூ ஆர் தி பிக்கஸ்ட் திங் சின்ஸ் பவுடர்ட் மில்க்' என்று ஒன்று, பால் பவுடரைக் கண்டுபிடித்த பிறகு வந்த பெரிய அதிசயம் நீதானாம். இதைப் போட்டுக்கொண்டு பிளாக் சாபத், டீப் பர்ப்பிள் பக்கத்தில் நின்றால் யார் பயப்படுவார்கள்? ஹெவி ராக் என்றால் கொஞ்சம் மிரட்டவேண்டாமா?

யானைமலை:

தம்பி, நீ குறை என்று சொன்ன இடம்தான் எனக்கு உயிர். கார்டிஃப் நிலக்கரி ஏற்றுமதியால் வளர்ந்த துறைமுகம். துறைமுகக் கூலி, டயர் மாட்டுகிறவர், பால் பவுடர், எல்லாம் அவர்கள் தெருவில் இருந்தவை. சாத்தானையும் மந்திரவாதியையும் பாடாமல் தன் தெருவை நக்கலாகப் பாடினார்கள். மதுரைக்காரனுக்கு நக்கல் பிடிக்கவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனால் விற்பனை என்று பார்த்தால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூடவே நேரமும் அவர்களைப் படுத்தியது. ஜூடாஸ் ப்ரீஸ்ட் ஆரம்ப காலத்தில் பட்ஜிக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர்கள், பின்னால் எங்கேயோ போய்விட்டார்கள். பட்ஜி எழுபதுகளின் பாதியில் ரெக்கார்டு கம்பெனி மாறி, ஒலியை மென்மையாக்கி, அமெரிக்கா பக்கம் முயன்றார்கள், பெரிதாக எடுபடவில்லை. 1976, 1978 ஆல்பங்களில் அந்தக் குழப்பம் கேட்கும். அந்த நேரத்தில் இங்கிலாந்தில் பங்க் ராக் இசை அலை வேறு. 1978-இல் டோனி போர்ஜும் போய்விட்டார். ஷெல்லி எழுதிய ரிஃபா போர்ஜ் எழுதிய ரிஃபா என்று பிரிக்கமுடியாத பேண்டில் பாதியாள் போனால் என்ன மிஞ்சும்?

அதற்கப்புறமும் விடவில்லை. ஜான் தாமஸ் என்ற கிடாரிஸ்டோடு 1980-இல் 'பவர் சப்ளை' போட்டார்கள். 1982-இல் இங்கிலாந்தின் ரீடிங் ராக் விழாவில் வெள்ளிக்கிழமை இரவின் தலைமை பேண்ட் பட்ஜி, மறுநாள் இரவு மெய்டன். அதே வருடம் போலந்துக்குப் போய் வாசித்தார்கள். அங்கே ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம், மேற்கத்திய ஹெவி பேண்டுகள் எட்டிப்பார்க்காத இடம். இன்றைக்கும் போலந்து ரசிகர்கள் இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2010-இல் ஷெல்லிக்கு நெஞ்சுப் பெருநாடி வீங்கி உயிருக்கே ஆபத்தானதும் போலந்துப் பயணத்தில்தான். அதோடு பட்ஜி நின்றது. 2022 ஜனவரியில் கார்டிஃபிலேயே போய்ச் சேர்ந்தார், வயது 71.

கேசட்காலம்:

'பவர் சப்ளை'யைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. அந்த ஆல்பம் ஏசி/டிசி பேண்ட் ஆக ஆசைப்பட்ட பட்ஜி. நக்கலும் இல்லை, அகூஸ்டிக்கும் இல்லை. எனக்கு வேண்டாம்.

தவில்வீடு:

எனக்கு வேண்டும். ஸ்டீவ் வில்லியம்ஸ் அதில் பிய்த்து உதறியிருக்கிறார்.

தெப்பக்குளம் பேஸ்:

சரி, ஒரு ஊர்க்கதை. ஒரு கல்லூரிக் கலைவிழாவில் எங்கள் கூட்டம் 'பிரெட்ஃபேன்' வாசித்தது. ஆம்ப் எல்லாம் கிடையாது, வாடகை மைக் செட்டில்தான் கிடாரைச் சொருகினோம். டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வரும் ஒலியை அப்படியே மேடைப்பேச்சுக்கான பெட்டியில் விட்டால் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்டது மாதிரி ரீங்காரம்தான் வரும். ட்ரெபிளை முழுக்க இறக்கி, பெடலில் கெயினைப் பாதியாக்கிய பிறகுதான் ரிஃப் ரிஃபாகக் கேட்டது. வேகமான இடத்தில் கூட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் மெதுவாகும் இடத்தில்தான் முதல் விசில் வந்தது. யானைமலை சொன்ன கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நடுவராக வந்தவர் கடைசியில், "நல்லா இருந்துச்சும்மா, தமிழ்ப் பாட்டு ஏதும் தயார் பண்ணலையா?" என்றார்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:

வணக்கம் அண்ணன்களே, அக்கா. பட்ஜி பேரே இன்றுதான் கேள்விப்படுகிறேன். எதில் தொடங்குவது? பத்து நிமிடப் பாட்டெல்லாம் எடுத்தவுடனே வேண்டாம்.

யானைமலை:

1973 ஆல்பத்தில் தொடங்குங்கள், ஆனால் வரிசையாக. 'பிரெட்ஃபேன்' முடிந்ததும் தாவிப் போகாதீர்கள். மூன்றாவதாக வரும் குட்டிப் பாட்டு பிடித்தால் பட்ஜி உங்களுக்கு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு 'இன் ஃபார் தி கில்', பிறகு 'பேண்டோலியர்'. முதல் ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் கரடுமுரடு. மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும், அக்கா கோபித்துக்கொள்வார்.

கேசட்காலம்:

முதல் ஆல்பத்தைக் கடைசியில் வைப்பதா? அதுதான் தாய். சவுண்ட்கார்டன் பேண்ட்கூட 'ஹோமிசைடல் சூசைடல்' பாட்டை அங்கிருந்துதான் எடுத்தார்கள். அதில் தொடங்கு தம்பி.

மாட்டுத்தாவணி மெட்டல்:

நான் சொன்னால் திட்டுவீர்கள். ஆனால் கவரில் தொடங்கி ஒரிஜினலுக்கு வருவதுதான் எளிது. நான் வந்த வழி அது. யானைமலை அண்ணன் சொன்னதற்காக நேற்று இரவு ஹெட்ஃபோனில் 'பேரண்ட்ஸ்' கேட்டேன். சோலோ பிடித்தது, அதிகமாக எதுவும் கேட்காதீர்கள்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:

எல்லாரும் ஒவ்வொன்று சொன்னதால் நான் தவில்வீடு அண்ணன் சொன்ன 'பேண்டோலியர்' போட்டேன். 'நெப்போலியன் போனா' அட்டகாசம், மூன்று தடவை ஓட்டிவிட்டேன். பாடுகிறவர் குரல் மட்டும் இன்னும் பழகவில்லை, பொம்பளை பாடுகிறாரா என்று தங்கை கேட்கிறாள். 'ஐ கான்ட் சீ மை ஃபீலிங்ஸ்' சுமார்.

தவில்வீடு:

சுமாரா? மெய்டன் கவரைக் கேட்டுவிட்டு வந்து அதே வார்த்தையைச் சொல் பார்ப்போம். குரல் பழகிவிடும், தங்கையையும் உட்காரவைத்து 'பிரெட்ஃபேன்' போட்டுவிடு.